எட்டு ஸ்விட்சுக்கு வைத்த பொட்டு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "மணலி கம்பெனில ஸ்விட்சு போட்டுகினு கீறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். திருவொற்றியூரில் எங்கள் சந்தில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். இது அந்த ஸ்விட்சு இல்லைம்மா, கம்ப்யூட்டருங்களை ஒன்றோடொன்று பேச வைக்கிற பெட்டி, வரிசையா ஓட்டை இருக்கும், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஒயர் போகும் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஃபியூஸ் போடத் தெரியாதா உனக்கு?" என்பாள். தெரியாது என்றால் மானம் போய்விடும். கம்முனு போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன்.

கம்பெனி பேர் வேண்டாம். மணலியில் டேங்கர் லாரிகளில் கெமிக்கல் ஏற்றி அனுப்புகிற இடம், அவ்வளவு போதும். லாரி கேட்டில் நுழைந்ததும் எடை மேடையில் ஏறி நிற்கும். காலி எடை கம்ப்யூட்டரில் பதிவாகும். உள்ளே போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் மறுபடி எடை, அப்புறம் கேட் பாஸ். இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் ஒரு சின்ன ஏசி ரூமில், ஒரே இரும்பு ரேக்கில், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த எட்டு ஸ்விட்சுகள் வழியாகத்தான் நடக்கும். செல்போனில் இன்கமிங்குக்குக் காசு இல்லை என்று ஆகி, ஆளாளுக்கு ஒரு போன் வாங்கித் திரிந்த காலம் அது.

அந்த ரூமுக்கு நாங்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே கான்ட்ராக்ட். நான் ஒருத்தன். இன்னொருத்தன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து சைக்கிளில் வருவான். எனக்கு இரண்டு வருஷம் முன்னாடியே அங்கே சேர்ந்தவன். நான் அவனை மாமு என்பேன், அவனும் என்னை மாமு என்பான். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டர் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டவன். அந்த பிளாண்டில் ஓடுகிற கேபிளில் முக்கால்வாசி அவன் இழுத்தது. எதையும் இரண்டு தரம் பார்ப்பான். நான் ஒரு தரம்கூட ஒழுங்காகப் பார்க்க மாட்டேன். அதுக்கே என்னை ஓட்டுவான். "உன்ன கட்டிக்கப் போறவ பாவம் மாமு, தாலியையே யார் கய்த்துலனா கட்டிட்டு வந்துருவ" என்பான்.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை, நாலு வயசு. அதுக்கு இழுப்பு. மார்கழி வந்தால் போதும், குழந்தைக்கு மூச்சு விடவே முடியாது. தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்துபோய் வேலைக்கு வருவான். பைப்பில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "நேத்து ரொம்ப பேஜாரு பண்ட்டா மாமு" என்று சிரிப்பான். கம்பெனியில் பர்மனெண்ட் ஆனவர்களுக்கு மெடிக்கல் கார்டு உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளை நல்ல ஆஸ்பத்திரியில் காட்டலாம், மருந்து மாத்திரை எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அவன் கேட்டது அந்தக் கார்டு ஒன்றுதான். அந்த வருஷம் எங்கள் ரூமுக்கு ஒரே ஒரு பர்மனெண்ட் இடம் வந்தது. மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "பொங்கல் முடியட்டும், உன் பேர்ல ஆர்டர் வரும்" என்று வாயாலேயே சொல்லிவிட்டார். அவன் வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நான் பொறாமைப்படவில்லை. யாரும் இதை நம்ப வேண்டாம், ஆனால் அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லணும். எங்கள் பிளாண்டில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. பம்ப், மோட்டார், எடை மேடை, டைப்ரைட்டர், வாட்ச்மேன் டார்ச் லைட் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஏசி ரூம் என் பொறுப்பு. ஸ்விட்ச் முகத்தில் பொட்டு வைக்க இடம் எங்கே இருக்கிறது? முகம் பூரா ஒயர் மாட்டுகிற ஓட்டை, மீதிக்குக் காற்று போகிற சந்து. இடது பக்க மூலையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழப்பாக ஓர் இடம் இருக்கும். மாடல் நம்பர் அச்சடித்திருக்கிற இடம் அது. நான் எட்டு ஸ்விட்சுக்கும் சரியாக அங்கேதான் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். ஷோக்காக இருந்தது. அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் பௌத்தக் குடும்பம், பூஜையெல்லாம் கிடையாது. "எங்க வூட்ல இதெல்லாம் இல்ல மாமு. நீ வெய்யி, பொரிகடலைய மட்டும் மறக்காம குடு" என்றான். நான் இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். அதை ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் போனார். அப்போது அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகையிலிருந்து ஸ்விட்சுகள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. நாலு நாளைக்கு ஒரு தரம் எல்லாம் உறைந்து நின்றுவிடும். அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். விற்ற கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற ஃபர்ம்வேர் பழசு, அதை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு சிடி கொடுத்தார்கள். ஃபர்ம்வேர் என்றால், அந்தப் பெட்டி கண் விழிப்பதிலிருந்து தூங்குவது வரை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிற ஃபைல். சிடியில் இரண்டு ஃபைல் இருந்தது. ஏனென்றால் எங்கள் எட்டும் ஒரே மாடல் இல்லை. முதலில் வாங்கியது ஐந்து, பிற்பாடு வாங்கியது மூன்று. ஒரே கலர், ஒரே உயரம், பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மூலையில் இருக்கிற மாடல் நம்பரைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு மாடலுக்கான ஃபைலை மற்றதில் ஏற்றினால் பெட்டி திரும்ப எழுந்திருக்காது.

பொங்கலுக்கு மூன்று நாள் லோடிங் கிடையாது. காணும் பொங்கல் அன்று பகலில் வேலையை முடித்துவிடுவது, மறுநாள் காலையில் லாரிகள் வரும்போது எல்லாம் ஓட வேண்டும் என்று ஏற்பாடு. மேனேஜர் ஊருக்குப் போகுமுன் எங்கள் இரண்டு பேர் பேரையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். "ரேக்ல எது எந்த மாடல்னு ஒரு லிஸ்ட் எடுத்துட்டு ஆரம்பிங்க" என்று போனில் என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் இரண்டு பேரில் யார் எடுக்கணும் என்று சொல்லவில்லை.

காலையில் அவன் எடை மேடைக்கும் கேட்டுக்கும் போய்விட்டான். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டியது அவன் வேலை. நான் லேப்டாப்பை ரேக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லிஸ்ட் எடுக்கலாம் என்று நிமிர்ந்தால், எட்டு ஸ்விட்ச் மூலையிலும் நான் வைத்த பொட்டு காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நம்பர் தெரியவில்லை.

எச்சில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தால் போதும். விரலைக் கொண்டுபோனேன். கொண்டுபோன விரல் பாதியில் நின்றது. அப்பா போன பதினாறாம் நாள், நாலு பொம்பளைகள் சேர்ந்து என் அம்மா நெற்றியைத் துடைத்ததை மூலையில் நின்று பார்த்தவன் நான். பொங்கலும் அதுவுமாக, நானே வைத்த பொட்டை நானே அழிப்பதா என்று மனசு என்னவோ பண்ணியது. பொட்டை அழிக்காமலும் வழி இருந்தது. கீபோர்டில் ஒரே ஒரு கமாண்டு அடித்தால் எட்டு மாடல் நம்பரும் வரிசையாகத் திரையில் வந்திருக்கும். அதையும் அடிக்கவில்லை. எட்டையும் தூக்கி ரேக்கில் வைத்தவன் நான், எனக்கா தெரியாது, மேலே ஐந்தும் பழசு, கீழே மூன்றும் புதுசு என்று ஒரு திமிர். கொழுப்பு என்றுதான் சொல்லணும். நடுவில் ஏசி ஒழுகினபோது எல்லாவற்றையும் இறக்கி மாற்றி அடுக்கினோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

அவன் கேட்டிலிருந்து போன் பண்ணினான். "மாமு, மாடல் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமு, நீ உன் வேலையப் பாரு."

மேல் ஐந்துக்குப் பழைய மாடல் ஃபைலையும் கீழ் மூன்றுக்குப் புது மாடல் ஃபைலையும் அனுப்பினேன். நடுவில் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது, மாடல் பொருந்தவில்லை என்று. இந்தச் சனியனுக்கு வேற வேலை இல்லை, ஒன்றுமில்லாததுக்கெல்லாம் கத்தும் என்று நினைத்து, பரவாயில்லை ஏற்று என்கிற கமாண்டைப் போட்டேன். எட்டும் அணைந்தது. எட்டும் திரும்ப விழித்திருக்க வேண்டும். நாலு விழித்தது. நடுவில் இரண்டும் அடியில் இரண்டும் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றன. பத்து நிமிஷம் பார்த்தேன். அரை மணி பார்த்தேன். அந்த ஏசியில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

அவன் ஓடி வந்தான். ரேக்கை ஒரு பார்வை பார்த்தான். வாளியில் கிடந்த ஈரத்துணியைப் பிழிந்து, மேலேயிருந்து கீழே வரை எட்டுப் பொட்டையும் ஒரே இழுப்பில் துடைத்தான். நம்பர்கள் பளிச்சென்று தெரிந்தன. புதுசு மூன்றும் நடுவில் இருந்தது. நான் நினைத்த மாதிரி அடியில் இல்லை.

"இவ்ளோதான் மாமு மேட்டரு" என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அதற்கப்புறம் அவன் உட்கார்ந்து பண்ணினதை நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த ஸ்விட்சில் நேரடியாக ஒயரை மாட்டி, சரியான ஃபைலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணி நேரம். நடுவில் அவன் பெண்டாட்டி போன் பண்ணினாள், குழந்தைக்கு இழுக்கிறது என்று. "தோ வந்துகினே கீறேன்" என்றான். போகவில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டை எழுப்பிவிட்டான். மற்ற இரண்டும் எதற்கும் அசையவில்லை. கேட்டுக்கும் எடை மேடைக்கும் போகிற லைன் அந்த இரண்டில்தான் மாட்டியிருந்தது. அந்த லைனை மாட்டுகிற வசதி மற்ற ஸ்விட்சுகளில் இல்லை.

மறுநாள் காலையில் டேங்கர் லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து கேட்டை உலுக்கினார்கள். நோட்டில் கையால் எழுதிப் பாஸ் கொடுத்துப் பார்த்தார்கள், சமாளிக்க முடியவில்லை. மேனேஜர் ஊரிலிருந்து வந்து இறங்கினவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஏசி ரூமுக்கு வந்தார். கூடவே ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரும்.

"லிஸ்ட் எடுத்தது யாரு?" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் ரேக்கைப் பார்த்தார். "பொட்டையெல்லாம் யார் அழிச்சது?" என்றார்.

"நான்தான் சார் தொடச்சேன்" என்றான் அவன். "நம்பர் தெரியல சார், அதான்."

"பாத்தீங்களா சார்" என்று சூப்பர்வைசர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "பூஜை அன்னிக்கே வெளிய நின்னவன் இவன். பொரிய மட்டும் வாங்கிக்கிட்டான். இப்ப வெச்ச பொட்டையும் அழிச்சிருக்கான். அப்புறம் மெஷின் எப்படி சார் எழுந்திருக்கும்?"

அவர் சொன்னதில் பொட்டைப் பற்றி மட்டும் இல்லை. அவன் யார், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த ரூமில் நின்ற நாலு பேருக்கும் அது தெரியும். பொட்டு அழிந்தது ஸ்விட்ச் செத்ததற்கு அப்புறம். பொட்டு இருந்ததால்தான் ஸ்விட்சே செத்தது. இதைச் சொல்ல அந்த ரூமில் ஒரே ஒருத்தனால்தான் முடியும். அவன் தரையில் ஒட்டியிருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாய் நான்தான்.

"லிஸ்ட்டு நான் எடுக்கல சார்" என்றான் அவன்.

"அப்ப யாரு?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் பேரைச் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. இவன் தோஸ்துக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்று அவர் நினைத்திருக்கணும். "சரி விடு, புரிஞ்சுபோச்சு" என்று என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். தட்டின இடம் எனக்கு எரிந்தது.

அவன் ஆர்டர் வரவில்லை. மாசக் கடைசியோடு கான்ட்ராக்டும் முடிந்தது, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அவன் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். "நான் மேனேஜர்கிட்ட பேசறேன் மாமு" என்று ஒரு நாள் சொன்னேன். "பேசு மாமு" என்றான். நான் மேனேஜர் ரூம் வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசி நாள் அவன் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் மாமு" என்று சைக்கிளை எடுத்தான். நான் கேட் வரை கூடப் போனேன். என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை.

பங்குனியில் அந்த பர்மனெண்ட் இடம் என் பேருக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். நடுங்கவில்லை. அம்மா தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். வியாசர்பாடிப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன். பஸ் அந்த வழியாகப் போனாலும் மறுபக்கம் பார்த்து உட்காருவேன்.

மூன்று வருஷம் கழித்து, எங்கள் சந்துக்காரர் ஒருத்தர் வண்டியில் அடிபட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலையில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். குழந்தைகளுக்கு மருந்துப் புகை பிடிக்கிற ரூமுக்கு வெளியே, வராந்தாவில் நீளமாக வரிசை. அதில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தப் பெண். ஏழு வயசு இருக்கும், பார்த்தால் ஐந்து மாதிரிதான் தெரிந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமு, எப்டி கீற?" என்றான். சிரித்தான். கொத்தவால்சாவடிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எலக்ட்ரிக் வேலை, தினக்கூலி என்றான். பாப்பாவுக்கு மாசத்துக்கு இரண்டு தரமாவது இங்கே வர வேண்டியிருக்கிறது, வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு என்றான். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான்.

நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இதற்குமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. "மாமு, அன்னிக்கு லிஸ்ட்டே எடுக்கல நான். பொட்டு மேல இருந்துச்சுன்னு பாக்காமலே ஏத்திட்டேன். மேனேஜர் கேக்கும்போது சொல்லியிருக்கணும். என்ன மன்னிச்சிடு" என்றேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவன் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"தெரியும் மாமு" என்றான். "ரேக்ல யாரு இன்னா அடிச்சாலும், பேரு, டைமோட சர்வர்ல பதிவா வுயிந்துகினே இருக்கும். அத்த செட் பண்ணதே நான்தான. லிஸ்ட் பாக்கற கமாண்ட நீ அடிக்கவே இல்ல, எச்சரிக்கை வந்தும் ஏத்தினன்னு எல்லாம் அதுல கீது. அன்னிக்கு சாய்ங்காலமே பிரிண்ட் எடுத்துட்டேன். மேனேஜர் கேக்கசொல்ல என் சட்டப் பையிலதான் இருந்துச்சு."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "எடுத்துக் குடுத்திருக்கலாமே மாமு. பாப்பாவுக்குக் கார்டு கிடைச்சிருக்குமே. ஏன் குடுக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான். "நாம குடுத்தா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும், அவனே சொல்லிடுவான்னு பாத்தேன். மாசக் கடைசி வரிக்கும் பாத்துகினே இருந்தேன் மாமு."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அவன் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவள் மூக்கு வாய் மேல் முகமூடியை மாட்டுவதும், அவள் கையைக் காலை உதறுவதும், அவன் ஏதோ சொல்லிச் சமாதானம் பண்ணுவதும் கதவிடுக்கில் தெரிந்தது. நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? பொட்டு வைத்த என்னை அவனை மாதிரி வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒரு மாசம் திட்டு, மிஞ்சிப் போனால் அடுத்த வருஷம் வர வேண்டிய ஆர்டர் அதற்கடுத்த வருஷம் வந்திருக்கும். என் அம்மா ஒன்றும் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். கஞ்சி ஆறிப்போகும் என்று எழுந்தேன், ஆனால் போகவில்லை. அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு, வரிசையில் இருந்த பொம்பளைகளெல்லாம் பார்க்கப் பார்க்க அழுதேன்.